புறநகரில் நல்ல, மலிவான சால்வடோர் சாப்பாடு: வாஷிங்டன் சுற்றுவட்டாரத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வாஷிங்டன் நகரைச் சுற்றியுள்ள மேரிலாந்து, வர்ஜீனியா புறநகர்களில் பத்து டாலருக்குள் வயிறு நிறையச் சாப்பிட முடியுமா என்று கேட்டால், என் முதல் பதில் சால்வடோர் கடைகள்தான், அதாவது மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடோரிலிருந்து வந்தவர்களின் சாப்பாட்டுக் கடைகள். மாவைக் கையில் தட்டி, கல்லில் போட்டு, சூடாக எடுத்துத் தருகிறார்கள். நம்மவர்களில் பலர் இந்தக் கடைகளின் வாசலைக் கடந்துதான் வாரம்தோறும் மளிகை வாங்கப் போகிறார்கள். ஆனால் உள்ளே போவதில்லை. பலகை ஸ்பானிஷில் இருக்கிறது, என்ன கேட்பது என்று தெரியவில்லை, சைவம் கிடைக்குமா என்று சந்தேகம். இந்த மூன்று தயக்கங்களையும் தீர்க்கும் அளவுக்கு இங்கே எழுதிவிட வேண்டும் என்பது என் ஆசை.

இந்தச் சாப்பாடு ஏன் புறநகரில் இருக்கிறது?

எல் சால்வடோர் உள்நாட்டுப் போர் 1980 முதல் 1992 வரை நடந்தது. அதில் ஊரைவிட்டு வெளியேறியவர்களில் பெரும் பகுதியினர் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனார்கள், அடுத்த பெரும் பகுதியினர் வாஷிங்டன் பக்கம் வந்தார்கள். வாஷிங்டனை அவர்கள் தேர்ந்தெடுக்க ஒரு காரணம் இருந்தது. எல் சால்வடோரின் கிழக்குக் கோடியில் உள்ள இன்டிபுக்கா என்ற சிற்றூர்க்காரர்கள் போருக்கு முன்பே இங்கே வேலைக்கு வந்து குடியேறியிருந்தார்கள். அவர்களைத் தொடர்ந்து உறவினர், அண்டை ஊர்க்காரர் என்று ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள்.

முதலில் அவர்கள் தங்கியது நகரத்துக்குள், மவுண்ட் பிளெசன்ட், ஆடம்ஸ் மார்கன் பகுதிகளில். 1982-இல் தொடங்கிய 'எல் தமரிந்தோ' உணவகம் அந்தக் காலத்தின் சாட்சி. பிறகு நகரில் வாடகை ஏறியது. குடும்பங்கள் எல்லையைத் தாண்டி, இரண்டு மூன்று மாடிச் செங்கல் அடுக்ககங்கள் நிறைந்த, பேருந்து வசதியுள்ள புறநகர்களுக்கு நகர்ந்தன. சாப்பாட்டுக் கடைகளும் கூடவே வந்தன. மேரிலாந்தில் லாங்லி பார்க், வீட்டன், ஹையாட்ஸ்வில், கேதர்ஸ்பர்க். வர்ஜீனியாவில் கல்மோர், ஹெர்ன்டன், மனாசஸ். இந்தப் பெயர்களை மனதில் வைத்துக்கொண்டாலே பாதித் தேடல் முடிந்த மாதிரி.

முதல் படி: வரைபடத்தில் சரியான சொல்லைத் தேடுங்கள்

'சால்வடோர் ரெஸ்டாரன்ட்' என்று ஆங்கிலத்தில் தேடினால், ஆங்கிலம் பேசும் வாடிக்கையாளருக்காக அலங்கரித்த கடைகள்தான் முதலில் வரும். அதற்குப் பதிலாக 'புப்புசெரியா' என்று ஸ்பானிஷில் தேடுங்கள். புப்பூசா, அதாவது உள்ளே சீஸோ பீன்ஸோ வைத்த சோள மாவு ரொட்டி, சுடும் கடை என்று பொருள். அப்புறம் 'கொமெதோர்', அதாவது எளிய சாப்பாட்டுக் கடை. 'பனதெரியா', அதாவது ரொட்டிக் கடை.

கடைப் பெயரே பல நேரங்களில் ஊரைச் சொல்லிவிடும். சான் மிகேல், உசுலுத்தான், சொன்சொனாத்தே, சலதெனாங்கோ, சாந்தா ஆனா, இசால்கோ ஆகியவை அந்நாட்டு ஊர்களும் மாவட்டங்களும். குஸ்கத்லான் என்பது அந்த நிலத்தின் பழைய பெயர். தொரொகோஸ் தேசியப் பறவை, இசோத்தே தேசிய மலர். 'புல்கார்சித்தோ' என்பது சிறிய நாடான எல் சால்வடோருக்கு உள்ள செல்லப் பெயர். பலகையில் இவற்றில் ஒன்று இருந்தால் சமையலறையில் இருப்பவர் சால்வடோர்க்காரர் என்று பெரும்பாலும் நம்பலாம்.

கொடியையும் பாருங்கள். மேலும் கீழும் நீலம், நடுவில் வெள்ளை, அதன் மையத்தில் வட்டச் சின்னம் இருந்தால் பெரும்பாலும் எல் சால்வடோர். அதே அமைப்பில் ஐந்து நட்சத்திரங்கள் இருந்தால் ஹோண்டுராஸ். இரண்டு கொடிகளும் ஒரே கடையில் தொங்குவது இங்கே சகஜம். ஹோண்டுராஸ் கொடி மட்டும் இருந்தால் அங்கே பலேயாதா கேளுங்கள்: கோதுமை மாவு தொர்த்தியாவை (மெல்லிய தட்டை ரொட்டி) மடித்து, உள்ளே பீன்ஸ், பாலாடை, சீஸ் வைத்தது. அதுவும் அருமையான சாப்பாடு, ஆனால் வேறு நாட்டுச் சாப்பாடு.

நட்சத்திர மதிப்பீடுகளை நான் அதிகம் நம்புவதில்லை. இந்தக் கடைகளுக்குக் குறைந்த நட்சத்திரம் போடுபவர்களின் புகார் பெரும்பாலும் 'தாமதம்', 'ஆங்கிலம் பேசவில்லை' என்பதாகவே இருக்கிறது. தாமதம் உண்மையில் நல்ல அறிகுறி. ஏன் என்று கீழே சொல்கிறேன். மதிப்பீடுகளில் ஸ்பானிஷில் எழுதியவற்றை மட்டும் மொழிபெயர்த்துப் படியுங்கள். 'என் அம்மா கை மணம்' என்ற தொனியில் நாலைந்து பேர் எழுதியிருந்தால் போய்ப் பார்த்துவிடலாம்.

இரண்டாம் படி: தெருவைப் படியுங்கள்

லாங்லி பார்க்கை எடுத்துக்கொள்வோம். யூனிவர்சிட்டி பூல்வார்டும் நியூ ஹாம்ப்ஷயர் அவென்யூவும் சந்திக்கும் இடம் அது. இந்திய மளிகைக் கடைகளும் தென்னிந்திய சைவ உணவகங்களும் நெடுங்காலமாக இருந்த பகுதி என்பதால் இந்தச் சந்திப்பு இங்குள்ள பல தமிழ்க் குடும்பங்களுக்குப் பழக்கமானது. காலேஜ் பார்க்கில் உள்ள மேரிலாந்து பல்கலைக்கழக மாணவர்களுக்கும் பக்கம்தான்.

அங்கே நடந்து பாருங்கள். ஊருக்குப் பணம் அனுப்பும் கடை, பார்சல் அனுப்பும் கடை, சலவை நிலையம், டயர் கடை, முடிதிருத்தும் கடை, இவற்றுக்கு நடுவில் ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கும். அதுதான் நீங்கள் தேடுவது. பணம் அனுப்ப வந்தவரும் துணி துவைக்கப் போட்டுவிட்டுக் காத்திருப்பவரும் அங்கேதான் சாப்பிடுகிறார்கள். அவர்கள் வாரத்தில் பலமுறை வருபவர்கள். விலை கூடினாலோ ருசி குறைந்தாலோ அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். அதனால்தான் அங்கே இரண்டும் ஒழுங்காக இருக்கின்றன. காலை ஏழு மணிக்கு வாசலில் ஏணி கட்டிய வேன்களும் சாயம் படிந்த காலணிகளும் தெரிந்தால் தயங்காமல் உள்ளே போங்கள்.

யூனிவர்சிட்டி பூல்வார்டில் பர்ப்பிள் லைன் ரயில் பாதைப் பணியால் சாலையின் அமைப்பு மாறியிருக்கிறது. காரை நேராகக் கடை வாசலுக்கு ஓட்டுவதைவிடப் பக்கத்து வணிக வளாகத்தில் நிறுத்திவிட்டு நடப்பது எளிது. பேருந்தில் வந்தால் 2016 இறுதியில் திறந்த டக்கோமா-லாங்லி நிலையம் அந்தச் சந்திப்பிலேயே இருக்கிறது. வீட்டனுக்கு மெட்ரோ சிவப்புத் தடத்தில் போகலாம். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் நடக்கும் தூரத்திலேயே கடைகள்.

மூன்றாம் படி: பட்டியலின் முதல் பக்கத்தைத் தாண்டுங்கள்

பல கடைகள் தங்களை 'மெக்சிகன் - சால்வடோர்' என்று அறிவித்துக்கொள்ளும். பட்டியலின் முதல் பக்கம் முழுக்க டாக்கோ, பரிட்டோ, ஃபகீத்தா. அமெரிக்க வாடிக்கையாளர் எதிர்பார்ப்பது அதைத்தான் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். அதைப் புரட்டிவிட்டு 'பிளாத்தோஸ் தீப்பிகோஸ்' அல்லது 'அந்தொஹீத்தோஸ்' என்ற தலைப்பைத் தேடுங்கள். அங்கேதான் அவர்கள் ஊர்ச் சாப்பாடு இருக்கும். அங்கேதான் விலையும் குறைவு. ஃபகீத்தா தட்டு 20 டாலரைத் தாண்டும் கடையிலேயே புப்பூசா ஒன்று சுமார் 3, 4 டாலர்தான்.

நான்காம் படி: புப்பூசாவைச் சரியாகக் கேட்டு, சரியாகச் சாப்பிடுங்கள்

முதல் முறை போகும்போது வேறெதையும் நினைக்காமல் புப்பூசாவில் தொடங்குங்கள். ஒரு கடையின் தரம் முழுவதும் அதில் தெரிந்துவிடும்.

சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, அரைத்து, பிசைந்த மாவு. அதை உள்ளங்கையில் கிண்ணம் போலக் குழித்து, கொழுக்கட்டைக்குப் பூரணம் வைப்பது போல உள்ளே சீஸோ பீன்ஸோ வைத்து மூடி, இரு கைகளுக்கு இடையே தட்டித் தட்டி வட்டமாக்கி, சூடான கல்லில் இருபுறமும் சுடுகிறார்கள். சமையலறையிலிருந்து அந்தத் தட்டும் ஓசை கேட்கிறதா என்று கவனியுங்கள். கேட்டால் நீங்கள் சொன்ன பிறகுதான் உங்களுக்கானது உருவாகிறது. பதினைந்து நிமிடம் ஆகலாம். இரண்டு நிமிடத்தில் வந்து நின்றால் முன்பே சுட்டு வைத்ததைச் சூடாக்கித் தருகிறார்கள் என்று பொருள்.

நிரப்பிகளில் முக்கியமானவை இவை. கேசோ என்றால் சீஸ் மட்டும். ஃப்ரிஹோல் கோன் கேசோ என்றால் மசித்த சிவப்பு பீன்ஸும் சீஸும். சிச்சரோன் என்றால் வறுத்துப் பசையாக அரைத்த பன்றி இறைச்சி. பொட்டலத்தில் விற்கும் மொறுமொறு வகை அல்ல. ரெவுவெல்தா என்றால் மூன்றும் கலந்தது. எனக்கு எல்லாவற்றிலும் மேலானது லொரோக்கோ கோன் கேசோ. லொரோக்கோ என்பது மத்திய அமெரிக்காவில் வளரும் ஒரு கொடியின் பூமொட்டு. பச்சை வாசமும் லேசான துவர்ப்பும் சீஸோடு சேரும்போது வரும் ருசிக்கு ஈடு எனக்குத் தெரிந்து வேறில்லை. இங்கே அது உறைந்த நிலையிலோ உப்புநீர்ப் புட்டியிலோ இறக்குமதியாகிறது. உறைந்ததைப் பயன்படுத்தும் கடைகளில் வாசம் தெளிவாகத் தெரியும்.

சில கடைகளில் அரிசி மாவுப் புப்பூசாவும் உண்டு. 'தெ அர்ரோஸ்' என்று கேட்க வேண்டும். சான் சால்வடோர் அருகிலுள்ள ஒலோக்குயில்தா என்ற ஊர் அதற்குப் பேர்போனது. மேல் பக்கம் இன்னும் மொறுமொறுப்பாக வரும். பட்டியலில் இல்லாவிட்டாலும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

நல்ல புப்பூசா அச்சில் வார்த்தது போல இருக்காது. ஓரம் கொஞ்சம் கோணலாக இருக்கும், ஓரிடத்தில் சீஸ் கசிந்து கல்லில் பட்டுப் பொன்னிறமாகப் படிந்திருக்கும். பிட்டால் மாவு மெல்லியதாக, நிரப்பி ஓரம் வரை பரவியிருக்க வேண்டும். நடுவில் மட்டும் ஒரு கரண்டி வைத்து, சுற்றிலும் வெறும் மாவாக இருந்தால் அந்தக் கடைக்கு மறுமுறை போக வேண்டியதில்லை.

கூடவே குர்த்தீதோ வரும்: முட்டைக்கோஸ், கேரட், வெங்காயம், ஒரிகானோ, வினிகர் சேர்த்து ஊறவைத்தது. பெரும்பாலும் மேசையிலேயே பெரிய புட்டியில் இருக்கும், வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளலாம். அதன் புளிப்பும் நறுக்கென்ற கடியும்தான் சீஸின் கனத்தைச் சமன் செய்கின்றன. துவண்டு, வெறும் வினிகர் நெடியடித்தால் கடை மெனக்கெடவில்லை என்று பொருள். தக்காளிச் சாறு ஒன்றும் தருவார்கள். நீர்த்திருக்கும், காரம் இருக்காது. காரம் வேண்டும் என்றால் 'சீலே' கேளுங்கள். இந்தச் சமையல் மெக்சிகோ சமையல் அளவுக்குக் காரம் சார்ந்தது அல்ல.

எல்லாவற்றையும் மேலே போட்டு, கையால் பிட்டுச் சாப்பிடுங்கள். கத்தியும் முள்கரண்டியும் தட்டோடு வந்தாலும் எடுக்க வேண்டாம். அவர்களே கையால்தான் சாப்பிடுகிறார்கள். ஒருவருக்கு இரண்டு போதும், நல்ல பசி என்றால் மூன்று.

ஐந்தாம் படி: சைவம் சாப்பிடுபவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

பட்டியலைப் பார்த்தால் சைவர்களுக்கு நிறைய இருப்பது போலத் தெரியும். உண்மையிலேயே இருக்கிறது, ஆனால் ஒரு இடத்தில் கவனம் வேண்டும். பீன்ஸைத் தாளித்து மசிக்கும்போது சில கடைகள் பன்றிக் கொழுப்பு சேர்க்கின்றன, சில எண்ணெயில் செய்கின்றன. 'மான்தெக்கா' என்பது கொழுப்புக்கான சொல். 'லோஸ் ஃப்ரிஹோலெஸ் தியெனென் மான்தெக்கா தெ செர்தோ?' என்று கேளுங்கள்: பீன்ஸில் பன்றிக் கொழுப்பு இருக்கிறதா? நேர்மையாகப் பதில் சொல்வார்கள். 'சின் கார்னே' என்றால் இறைச்சி இல்லாமல். ஆனால் இதை மட்டும் சொன்னால் கொழுப்பும் சேராது என்று எடுத்துக்கொள்ள முடியாது, தனியாகக் கேட்க வேண்டும். அப்புறம் கல் ஒன்றுதான். சிச்சரோன் புப்பூசா சுட்ட அதே கல்லில்தான் உங்களுடையதும் வேகும். அது ஒத்துவராதவர்கள் இங்கே பானங்களோடும், மான்தெக்கா சேர்க்கிறார்களா என்று கேட்டுவிட்டு ரொட்டிக் கடைப் பண்டங்களோடும் நிறுத்திக்கொள்வது நல்லது.

அது பரவாயில்லை என்பவர்களுக்குக் கேசோ, லொரோக்கோ, பூசணிக் குடும்பத்துக் காயான அயோத்தே, கீரை ஆகியவை வைத்த புப்பூசாக்கள் உண்டு. பொரித்த நேந்திர வாழையோடு பீன்ஸும் கெட்டிப் பாலாடையும் வரும் தட்டு காலையுணவாகவே கிடைக்கும். அதில் வாழைப்பழம் நன்றாகப் பழுத்துக் கருத்ததாக இருக்க வேண்டும், அப்போதுதான் இனிக்கும். யூக்கா என்று சொல்லும் மரவள்ளிக்கிழங்கைப் பொரித்தோ அவித்தோ குர்த்தீதோவோடு தருவார்கள். மேலே சிச்சரோனும் சிறு மீனும் போடுவது வழக்கம், வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். காசாமியென்தோ என்ற சோறும் பீன்ஸும் கலந்த உணவுக்கும் மேலே சொன்ன கொழுப்புக் கேள்வி பொருந்தும்.

எள், நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் ஓர்ச்சாத்தாவைக் குடிக்கும் முன் கேட்க வேண்டும். மெக்சிகோ ஓர்ச்சாத்தா அரிசியில் செய்வது. சால்வடோர் ஓர்ச்சாத்தா மொர்ரோ என்ற மரத்துக் காயின் விதையை அடிப்படையாகக் கொண்டது. அதோடு எள், கொக்கோ, இலவங்கப்பட்டை, சில கடைகளில் கடலை எல்லாம் சேர்ந்து அரைபடும். பழுப்பு நிறம், மண் வாசம். ஒவ்வாமை இல்லாதவர்கள் தவறவிடக் கூடாது.

ஆறாம் படி: சரியான நாளில் போங்கள்

புப்பூசா எல்லா நாளும் கிடைக்கும். சூப்புகள் அப்படி அல்ல. சோப்பா தெ பாத்தா என்ற மாட்டுக்கால், குடல், மரவள்ளி, சோளம் எல்லாம் சேர்த்து நெடுநேரம் கொதித்த சூப்பு பெரும்பாலும் சனி, ஞாயிறு மட்டும்தான். நாட்டுக்கோழி சூப்பும் அப்படியே. அதில் கோழியைத் தனியாக எடுத்துச் சுட்டு, சோறு, தொர்த்தியாவோடு பக்கத்தில் வைப்பார்கள். ஒரு கிண்ணம் 15 டாலரை ஒட்டி வரும், ஆனால் இருவர் பகிர்ந்து சாப்பிடும் அளவு இருக்கும். ஞாயிறு பதினோரு மணிக்குப் போனால் இடம் கிடைக்கும். சர்ச் முடிந்து குடும்பங்கள் வந்து சேர்ந்தால் காத்திருக்க நேரும்.

சோள மாவைக் கட்டி அவித்துச் செய்யும் தமாலும் வாரக் கடைசியில்தான் புதிதாக இருக்கும். மெக்சிகோவில் பெரும்பாலும் சோளத்தோலில் கட்டுவார்கள், இவர்கள் கோழித் தமாலை வாழையிலையில் கட்டுகிறார்கள். அவிக்கும்போது இலையின் மணம் மாவில் இறங்கியிருக்கும். இனிப்பு வகை வேண்டும் என்றால் இளஞ்சோளத்தில் செய்த தமால் தெ எலோத்தே, பக்கத்தில் பாலாடை. அதோடு சூடான அத்தோல் தெ எலோத்தே, இளஞ்சோளத்தை அரைத்துப் பாலில் காய்ச்சிய கெட்டியான பானம். குளிர்கால மாலையில் இதைவிட நல்ல செலவு கிடையாது.

நவம்பர் இரண்டாம் ஞாயிறு எல் சால்வடோரில் தேசியப் புப்பூசா தினம். அங்கே 2005-இல் சட்டமன்றமே அறிவித்தது. அதையொட்டி இங்கும் சில கடைகளில் விலைச் சலுகை உண்டு, கேட்டு வையுங்கள்.

பணமும் மரியாதையும்

சிறிய கடைகளில் கையில் ரொக்கம் இருப்பது நல்லது. மேரிலாந்தில் உணவக விலையோடு 6 சதவீத வரி சேரும். விலை குறைவு என்பதற்காக டிப்ஸைக் குறைக்காதீர்கள். 9 டாலர் சாப்பாட்டுக்கு 20 சதவீதம் என்றாலும் இரண்டு டாலர்கூட ஆகாது. நான் இரண்டு டாலருக்குக் குறையாமல் வைக்கச் சொல்வேன். அந்தக் கல்லின் முன் நின்று நாள் முழுவதும் மாவு தட்டும் பெண்ணின் தோளுக்கு அது குறைந்தபட்ச மரியாதை. உள்ளே நுழையும்போது 'புவெனாஸ்' என்றும், எழும்போது 'கிராசியாஸ்' என்றும் சொல்லுங்கள். பக்கத்து மேசைக்காரருக்கு 'புவென் ப்ரொவேச்சோ' (நன்றாகச் சாப்பிடுங்கள்) சொன்னால் அவர்கள் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்.

வீட்டுக்கு எடுத்துப் போக

'பாரா யெவார்' என்றால் பார்சல். குர்த்தீதோவையும் தக்காளிச் சாறையும் தனித்தனியாகக் கட்டித் தருவார்கள். கொஞ்சம் கூடுதலாகக் கேட்டால் முகம் சுளிக்க மாட்டார்கள்.

வரும் வழியில் பனதெரியாவில் நின்று ஒரு கேசாதியா வாங்குங்கள். மெக்சிகோவின் சீஸ் வைத்த தொர்த்தியாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது அரிசி மாவும் உப்புச் சீஸும் சேர்த்துச் சுட்ட, மேலே எள் தூவிய கேக். காபிக்கு அருமை, நாலைந்து நாள் கெடாது. அன்னாசி ஜாம் வைத்த செமித்தாவும் அங்கேயே கிடைக்கும். பெரும்பாலான கேக்குகளில் முட்டை உண்டு என்பதை முட்டை சாப்பிடாதவர்கள் நினைவில் கொள்ளுங்கள்.

லத்தீன் சூப்பர் மார்க்கெட்டில் உறைந்த லொரோக்கோ, சால்வடோர் பாலாடையான கிரேமா, சிவப்பு பீன்ஸ், மசா என்ற புப்பூசாச் சோள மாவு எல்லாம் வாங்கி வீட்டிலேயே புப்பூசா செய்துபார்க்கலாம். கையில் எண்ணெயும் தண்ணீரும் தொட்டுக்கொண்டு தட்டினால் மாவு விரிசல் விடாமல் வரும். கடையில் வாங்கி மிஞ்சிய புப்பூசாவை மைக்ரோவேவில் வைக்காதீர்கள், ரப்பராகிவிடும். தோசைக்கல்லை மிதமான தீயில் காயவைத்து, எண்ணெய் விடாமல், ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம் போட்டு எடுங்கள். ஓரத்தில் சீஸ் மறுபடி கசிந்து மொறுமொறுவென்று ஆகும் வரை பொறுங்கள். குர்த்தீதோ ஒரு வாரம் வரை ஃபிரிட்ஜில் நிற்கும். இரண்டாம் நாள் இன்னும் நன்றாக இருக்கும்.